என் வீச்சுக்கு ஒரு குறையும் இல்லை

1978, ஜூன் 11, ஞாயிறு

ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்ததும் எழுதுகிறேன். ஐயர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். என் மனம் கோல்ஃப் மைதானத்து மூன்றாவது குழியை விட்டு நகரவில்லை. வியாழக்கிழமை அங்கே ஐந்து பந்துகள் உப்பளத்துக்குள் போயின. ஐந்தும் ஒரே மாதிரி. உயர ஏறி, இடப்பக்கம் திரும்பி, மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தள்ளத் தள்ளப் போய்ப் பாத்தித் தண்ணீரில் விழுந்தன. பை தூக்குகிற பிச்சையா வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, முத்துச் சிப்பி தேடுகிறவர் மாதிரி காலால் துழாவி நான்கை எடுத்துக்கொடுத்தார். காலையில் அதே உப்பளத்தில்தான் அவருக்கு வேலை.

"இந்தப் பந்துக்கும் உப்புத் தண்ணிக்கும் என்னமோ ஒறவு இருக்கும்மா" என்றார். சிரிப்பு வரவில்லை எனக்கு.

இரண்டு வருஷமாக ஆடுகிறேன். ஏப்ரல் வரைக்கும் என் பந்து நேராகத்தான் போனது. மே மாதம், எங்கள் கல்யாண நாளுக்கு, இவர் ஒரு கப்பல் அதிகாரி மூலமாக ஜப்பானிலிருந்து பெண்கள் மட்டை செட் வரவழைத்தார். (கப்பல் ஏஜென்சி மேனேஜர் பொன்னுதுரைக்கு இதெல்லாம் முடியும்.) இளஞ்சிவப்புப் பிடி. கையில் எடுத்தால் கனமே தெரியாது. தனக்கும் ஒரு புது செட்: கறுப்புப் பிடி, விறைப்பான தண்டு. நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி ஆடிய பழைய செட்டைப் பாளையங்கோட்டை டாக்டர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

ஆசையாகத்தான் வாங்கினார். பெட்டியைத் திறந்தபோது எனக்குக் கண் கலங்கியது நிஜம். அன்றிலிருந்து பந்து இடப்பக்கம் போவதும் நிஜம்.

ஜூன் 13, செவ்வாய்

கிளப் பலகையில் நோட்டீஸ். செப்டம்பர் 16 கோப்பை ஆட்டத்தில் இந்த வருஷம் பெண்களும் ஆடலாமாம். ஆள் குறைந்துவிட்டது, அதனால் இந்தத் தாராளம். ஆனால் பெண்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை. ஒன்பது குழியிலும் பந்தை மொத்தம் ஐம்பது அடிக்குள் போட்டு முடித்த ஸ்கோர் சீட்டு மூன்று கொடுக்க வேண்டும், ஆகஸ்ட் 31க்குள்.

செயலாளர் ஆறுமுகநயினார் அண்ணாச்சியிடம் கேட்டேன், ஆண்களுக்கு இந்தச் சீட்டு ஏன் இல்லை என்று. பஞ்சு வியாபாரம் பண்ணுகிறவர், பேச்சும் பஞ்சு மாதிரிதான் இருக்கும்.

"கோவிச்சுக்கிடாதீங்க மிஸஸ் பொன்னுதுரை. ஆம்பளையளுக்கு ஆட்டம் தெரியும்லா."

இவர் போன மாதம் ஐம்பத்தெட்டு அடித்தவர். ஆட்டம் தெரிந்தவர்!

மூன்று சீட்டு. கொடுக்கிறேன். பார்த்துவிடுகிறேன் ஒரு கை.

ஜூன் 15, வியாழன்

பெண்களுக்குச் செவ்வாயும் வியாழனும் சாயங்காலம்தான் மைதானம். இவர் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்து என் பின்னால் நின்று பாடம் நடத்தினார்.

"மெதுவா வீசு தீபம். பொம்பளையளுக்குன்னே செஞ்ச மட்டை. நீதான் வெறகு வெட்டுத மாதிரி வீசுத."

காலேஜில் நான்கு வருஷம் குண்டு எறிந்தவள் நான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றால் என் கை அப்படித்தான் போகும். பதினைந்து வருஷமாக இவருக்கு அது தெரியாதா?

சரி, மெதுவாக வீசிப் பார்ப்போம்.

ஜூன் 22, வியாழன்

மெதுவாக வீசினேன். பந்தும் மெதுவாகப் போய் அறுபது கஜத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒன்பது குழிக்கும் சேர்த்து அறுபத்து மூன்று அடி.

ஜூலை 4, செவ்வாய்

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். மட்டை பந்தைத் தொடும் நேரத்தில் மணிக்கட்டைத் திருப்பாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இடப்பக்கம் போவது குறைகிறது. ஐம்பத்து நான்கு அடித்தேன். ஆனால் தோள் வலிக்கிறது. குதிரைக்கு லகானை இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓட்டுகிற மாதிரி இருக்கிறது. பத்துப் பந்தில் மூன்று இன்னும் உப்பளத்துக்குத்தான்.

அண்ணாச்சி வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த வருசம் பாத்துக்கிடலாமே, என்ன அவசரம்?" என்றார். நான் அடுத்த பந்தை எடுத்து வைத்தேன். பதில் சொல்லியிருந்தால் நாகரிகமாக இருந்திருக்காது.

ஜூலை 7, வெள்ளி

இன்று காலேஜில் என் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு பௌதிக பிராக்டிகல். மரச் சட்டத்தின் ஒரு முனையை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, மறுமுனையில் எடை தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று அளக்கிற சோதனை. பத்து வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஒரு பிள்ளை கேட்டது: "மிஸ், இதே கனத்துல வேற மரம்னா வேற மாதிரி வளையுமா?"

வளையும் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். சாக்பீஸ் கையிலேயே நின்றுவிட்டது. ஞானதீபம், உன்னைப் போல ஒரு மடச்சி உண்டா? இரண்டு மாதமாக என் வீச்சையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறேனே! மட்டையை ஒருத்தராவது அளந்து பார்த்தோமா?

ஜூலை 10, திங்கள்

இரண்டு செட்டிலிருந்தும் டிரைவர் என்கிற நீள மட்டையை எடுத்து, சேலைத் துணியில் சுற்றிக் காலேஜுக்குக் கொண்டுபோனேன். என்னுடையது ஒன்று, இவருடையது ஒன்று. லேப் அட்டெண்டர் இசக்கித்தாய் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன மிஸ் இது, தேங்கா பறிக்கவா?"

"அளக்க. கிளாம்ப் எடு."

பிடியை மேசையில் இறுக்கினோம். தலைப்பக்கம் ஒரு கிலோ தொங்கவிட்டோம். என்னுடையது நாற்பத்தாறு மில்லிமீட்டர் கீழே இறங்கியது. இவருடையது முப்பத்தொன்று. எடையைக் கூட்டியும் குறைத்தும் மூன்று தடவை எடுத்தேன். விகிதம் மாறவில்லை. பிறகு முனையை இழுத்துவிட்டு ஆடவிட்டோம். என்னுடையது தொளதொளவென்று ஆடியது, இவருடையது விர்ரென்று அதிர்ந்து நின்றது.

"ஒங்க கம்பு இப்பிடி வளையுதே மிஸ், இத வச்சி என்னத்த அடிக்க?" என்றாள் இசக்கித்தாய். கிளப் கமிட்டியில் இவளைப் போட்டிருக்கலாம்.

கணக்கு இவ்வளவுதான். நான் வேகமாக வீசுகிறேன். தண்டு வளைந்து, பந்துக்கு வரும்போது நிமிர்ந்து, கையை முந்திக்கொண்டு மட்டைத் தலை போய்விடுகிறது. மட்டையின் முகம் இடப்பக்கம் மூடுகிறது, மேல்நோக்கியும் சாய்கிறது. பந்து இடப்பக்கமும் போகும், உயரவும் போகும். உயரப் போனதை இந்த ஊர்க் கச்சான் சும்மா விடுமா?

இந்த மட்டையைச் செய்தவர்கள் மெதுவாக வீசுகிற ஒருத்தியை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். அவள் நானில்லை. என் வீச்சுக்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஜூலை 11, செவ்வாய்

சந்தோஷத்தை வாயை மூடிக்கொண்டு அனுபவித்திருக்கலாம்.

காபி கொடுத்துவிட்டு அளவையெல்லாம் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க பந்து ஏன் வலப்பக்கம் போய் உடைமரத்துல விழுதுன்னும் தெரிஞ்சிட்டு. உங்க வீச்சு மெதுவு. விறைப்புத் தண்டு உங்களுக்கு வளையவே இல்ல, தலை பின்தங்கி வருது. என் செட்டுதான் உங்களுக்குச் சரி" என்றேன்.

காபி தம்ளரை வைத்துவிட்டார்.

"ஆசையா வாங்கிக் குடுத்தத மேசைல கட்டிப் போட்டு எடைக்கல்லு தொங்கவிட்டியா?"

"அது அளவுதானே—"

"அப்ப நான் பொம்பளை மட்டையத் தூக்கிக்கிட்டு போகணும்! ஊரு சிரிக்கும். நயினார் ஒருத்தன் போதும், துறைமுகம் பூரா சொல்லிருவான்."

 ராத்திரி ஜெபத்தில் என் பெயரை மட்டும் வேகமாகச் சொல்லி முடித்தார்.

அவர் மனம் நோகும் என்று நான் யோசிக்கவே இல்லை. அது என் தப்புதான். அளவு தப்பில்லை.

ஜூலை 13, வியாழன்

இவரிடம் கேட்காமல் இவர் பையை எடுத்துக்கொண்டு போனேன். விறைப்புத் தண்டு. இனி எல்லாம் நேராகப் போகும் என்று நினைத்தேன்.

முதல் பந்து வலப்பக்கம். இரண்டாவது அதைவிட வலப்பக்கம். ஆறாவது பந்தை உடைமர முள்ளுக்குள்ளிருந்து எடுத்துவந்த பிச்சையா கையெல்லாம் ரத்தம்.

"முன்ன உப்பு, இப்ப முள்ளு. எனக்கு எது நல்லதுன்னு கேட்டுட்டு அடிங்கம்மா."

மைதானத்து மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்ன நடந்திருக்கிறது என்று புரிய ஐந்து நிமிஷம் ஆயிற்று. அந்த இளஞ்சிவப்பு மட்டைக்காக மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கப் பழகினேன் அல்லவா? இப்போது தண்டு ஒழுங்காக இருக்கிறது, கை ஒழுங்காக இல்லை. மட்டை என் பந்தை மட்டும் கெடுக்கவில்லை. என் கையையே மாற்றி வைத்துவிட்டது. வீச்சுக்குக் குறையில்லை என்று மூன்று நாளைக்கு முன்னால் எவ்வளவு ஜம்பமாக எழுதியிருக்கிறேன்!

அந்த வரியை அடிக்கப் போவதில்லை. மறுபடி உண்மையாக்குவேன்.

ஜூலை 14, வெள்ளி

பையில் மணலைப் பார்த்து இவர் கண்டுபிடித்துவிட்டார். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். "செவ்வா வியாழன் எடுத்துக்கோ. எவன்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 23, ஞாயிறு

வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் திணித்த கோணியைத் தொங்கவிட்டு தினமும் காலையில் ஐம்பது அடி. மணிக்கட்டே, திரும்பு. பயப்படாதே, திரும்பு. பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாரு மேல கோவம்?" என்று கேட்டார்கள். பட்டியலே இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 5, சனி

மாதா கோயில் திருவிழா. ஊரே அங்கே இருக்கிறது, தேர் பார்க்க. பிச்சையாவும் போய்விட்டார். கோணியில் எழுபது அடி.

ஆகஸ்ட் 10, வியாழன்

நாற்பத்தொன்பது! முதல் சீட்டு. மூன்றாவது குழியில் பந்து தாழ்வாகப் போய், காற்றுக்குக் கீழேயே ஓடி, குழியைச் சுற்றி எண்ணெய் ஊற்றி இறுக்கிய மணல் வட்டத்துக்குப் பத்தடி முன்னால் நின்றது. பிச்சையா பையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார்.

ஆகஸ்ட் 17, வியாழன்

நாற்பத்தெட்டு. இரண்டாவது சீட்டு. அண்ணாச்சி சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கும் என்பது போல.

ஆகஸ்ட் 19, சனி

இவர் இன்று ஆட்டத்தில் அறுபத்தொன்று அடித்தார்.  சாப்பிடும்போது மீன் குழம்பை எடுத்து ஊற்றினேன், பாதியில் கை கழுவ எழுந்துவிட்டார்.

என் இளஞ்சிவப்பு செட்டை மூலையில் போட்டு ஒரு மாதமாயிற்று. தூசி தட்டலாம் என்று எடுத்தேன். ஏழாம் நம்பர் மட்டையின் தலையில் புது மணல். ஈரம் கூடக் காயவில்லை. கேட்கவில்லை, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

ஐம்பத்திரண்டு. எட்டாவது குழியில் கைக்குப் பழைய பயம் வந்துவிட்டது. ச்சே.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

ஐம்பத்தொன்று. ஒரே ஒரு அடி! இன்னும் ஒரே ஒரு நாள்.

ஆகஸ்ட் 31, வியாழன்

கச்சான் பேயாக அடித்தது. கண்ணில் மணல், வாயில் உப்பு. கொடிக் கம்பு வளைந்து நின்றது. வேறு யாரும் ஆட வரவில்லை. "நாளைக்கி ஆடக் கூடாதாம்மா?" என்றார் பிச்சையா. நாளைக்கு செப்டம்பர்.

நாற்பத்தேழு அடித்தேன். இதுவரை அடித்ததிலேயே குறைவு. ஒரு பந்துகூட உப்பளத்துக்குப் போகவில்லை, ஒரு பந்துகூட முள்ளுக்குப் போகவில்லை. பிச்சையாவும் நானும் நனைந்த கோழி மாதிரி வேர்த்து வராந்தாவுக்கு வந்தோம். சீட்டை நீட்டினேன்.

அண்ணாச்சி சீட்டைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார்.

"இது ஆம்பளை மட்டைலா? பொன்னுதுரை மட்டை. இதுல அடிச்சது எப்பிடிம்மா செல்லும்? பெண்கள் சீட்டுன்னா பெண்கள் மட்டைல அடிக்கணும். மூணும் செல்லாது."

"நோட்டீஸ்ல அப்பிடிப் போடலையே?"

"போடணுமாக்கும்! அதெல்லாம் தெரிஞ்சதுதானே."

செப்டம்பர் 1, வெள்ளி

தூங்கவில்லை. எழுதவும் கை ஓடவில்லை.

என்னத்துக்கு இவ்வளவு பாடு பட்டேன்? கோணியை அடிச்சி அடிச்சி உள்ளங்கையெல்லாம் காச்சிப் போச்சு. மூணு சீட்டுன்னான், குடுத்தேன். ஐம்பதுன்னான், நாற்பத்தேழு குடுத்தேன். இப்ப மட்டையில வந்து நிக்கான். நாளைக்கி சேலை கட்டிக்கிட்டு அடிச்சா செல்லாதும்பான். என் கையிக்கு எது பொருந்துதுன்னு சொல்ல அவன் யாரு? அவன் பஞ்சை அவன் அளக்கட்டும், என்னை அளக்க வேண்டாம்.

காலையில் இவரிடம் நடந்ததைச் சொன்னேன். எனக்காகப் பேசச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்க மாட்டேன். இவர் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டே, "நயினார் எல்லாரு முன்னாலயுமா சொன்னான்?" என்று மட்டும் விசாரித்தார்.

நாளைக்குப் போய் என் சீட்டு மூன்றையும் திருப்பி வாங்கிவிடுவேன். அவை என் சீட்டு. அந்த ஆள் மேசையில் கிடக்க வேண்டாம்.

செப்டம்பர் 2, சனி

நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

ஐந்து மணிக்குக் கிளப்புக்குப் போனேன். சனிக்கிழமை பெண்கள் வராந்தாவில் டீ குடிக்கலாம், அதற்குத் தடையில்லை. பதினைந்து இருபது ஆண்கள் இருந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று ஒன்பதாவது குழியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன்.

இவர்தான். பின்னால் பிச்சையா. பிச்சையா தோளில் என் பை. பகல் வெளிச்சத்தில் அந்த இளஞ்சிவப்பு எவ்வளவு தூரத்துக்குத் தெரிகிறது!

யாரோ கத்தினார்கள். "ஏ வே பொன்னுதுரை, வீட்ல பைய மாத்தி எடுத்துட்டு வந்துட்டீரா?"

"மாத்தி எடுக்கல வே. தெரிஞ்சிதான் எடுத்தேன்."

குனிந்தார். இவர் வீச்சு எப்போதுமே அழகு, அவசரமே இருக்காது. அந்த மெதுவான வீச்சுக்குத் தண்டு வளைந்து, நேரத்துக்கு நிமிர்ந்தது. பந்து உயர்ந்து போய் மணல் வட்டத்துக்குள் இறங்கியது. சிரிப்பு நின்றுவிட்டது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

நேரே வராந்தாவுக்கு வந்து சீட்டை மேசையில் வைத்தார். நாற்பத்தைந்து. ஆறு வருஷத்தில் இவர் இவ்வளவு குறைவாக அடித்ததில்லை.

"அண்ணாச்சி, இது பொம்பளை மட்டைல அடிச்சது. செல்லுமா செல்லாதான்னு இங்கன எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க. செல்லாதுன்னா கோப்பையிலருந்து என் பேரை அடிச்சிருங்க."

"என்ன வே இது, வெளையாட்டா? உம்ம சீட்டு செல்லாம எங்க போகும், உக்காரும்."

"செல்லும். அப்ப என் சம்சாரம் ஆம்பளை மட்டைல அடிச்சது?"

 இவர் முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. ஊர் சிரிக்கும் என்று பயந்த மனிதர், ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கைக்குட்டை கொண்டுபோகவில்லை, முந்தானையில்தான் துடைத்தேன்.

அண்ணாச்சி சுற்றிலும் பார்த்தார். ஒருத்தரும் அவருக்குக் கை கொடுக்கவில்லை. பேனாவை எடுத்து என் மூன்று சீட்டிலும் கையெழுத்துப் போட்டார். மையை ஊதிக் காயவைக்கக்கூட இல்லை.

வருகிற வழியில் பிச்சையாதான் சொன்னார். திருவிழா முடிந்த திங்கட்கிழமையிலிருந்து ஆபீஸ் போகும் முன்னால், யாரும் இல்லாத நேரத்தில், ஐயா இந்தப் பையோடு வந்து அடித்துக்கொண்டிருந்தாராம். "அம்மா வீசுனா சத்தம் கேக்கும், ஐயா வீசுனா கேக்காது. எனக்கு அப்பவே தெரியும்" என்றார். தெரிந்தால் ஏன்யா சொல்லவில்லை என்று கேட்டேன். அவரை யாரும் கேட்கவில்லையாம்.

வீட்டுக்கு வந்து இவரிடம், "பயமா இருந்துச்சா?" என்றேன்.

"நாலாவது குழி வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் பந்து போற போக்குல மறந்துட்டு."

செப்டம்பர் 16, சனி

கோப்பை முடிந்து, குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இருபத்தாறு பேர் ஆடினோம், அதில் பெண் நான் ஒருத்தி. ஆண்கள் தொடங்கும் இடத்திலிருந்தே அடித்தேன். காலையில் காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது.

கோப்பை துறைமுக என்ஜினியர் ஒருவருக்குப் போனது. நான் நாற்பத்தேழு, ஐந்தாவது இடம். எனக்கு மேலே நான்காவது இடத்தில் இவர், நாற்பத்தாறு. கடைசிக் குழியில் அந்த மெது வீச்சை வீசி ஒரே அடியில் என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

சாப்பாட்டு மேசையில் சொன்னேன், "அது எனக்கு வாங்கின செட்டு. கல்யாண நாளுக்கு. திருப்பிக் குடுங்க."

தர மாட்டாராம்.